கோடு போட்ட குறிப்பேடு: ‘புடன்புரூக்ஸ்’ நாவலுக்குத் திரும்பிப் போவது பற்றி

கேட்கப்பட்டது, சுருக்கமாக: “கல்லூரி நாட்களில் ஆங்கிலத்தில் படித்து உருகிய நாவல் தாமஸ் மன் எழுதிய ‘புடன்புரூக்ஸ்’. இருபத்தைந்து வருடம் கழித்து, விற்கப்போகும் பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அதே பிரதி கிடைத்தது. பியானோ வாசிக்கும் நோஞ்சான் பையன் ஒருவனும் ஒரு பெரிய வீடும் தவிர எதுவும் ஞாபகம் இல்லை. மறுபடி படிக்கலாமா, இல்லை இருக்கிற ஞாபகமும் கெட்டுப்போகுமா? ஒரு பணக்காரக் குடும்பம் நொடித்துப்போன கதை என்பதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது?”

தாராளமாகப் படியுங்கள். ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையை மட்டும் முதலில் திருத்திக்கொள்ளலாம். அந்தக் குடும்பம் நொடித்துப்போகவில்லை. நானும் முப்பது வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை படித்தபோது எனக்கு வயது 21. வியாபாரக் கணக்கு வரும் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசிப் பகுதியில் வரும் ஹன்னோ என்ற பையனுக்காக அழுதேன். அப்புறம் வங்கி வேலை. அடுத்தவர் கடனையும் அடமானத்தையும் பார்த்தே காலம் போனது. இரண்டாம் தடவை கையில் எடுத்தது அம்மா இறந்து சில மாதம் கழித்து. நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். நிலமும் வீடும் உயிலில் தெளிவாக இருந்தன, அதில் ஒரு சண்டையும் இல்லை. சண்டை வந்தது ஒரு பித்தளை அண்டாவுக்கும் இரண்டு குத்துவிளக்குக்கும். அந்த மனநிலையில் இந்த நாவலின் ஒன்பதாம் பகுதிக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அங்கே என்ன நடக்கிறது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. நாவல் வெளிவந்தது 1901இல். மன்னுக்கு அப்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறுதான். வட ஜெர்மனியில், பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லூபெக் நகரம்; அதில் 1768இல் தொடங்கிய ஒரு தானிய மண்டி. கதை 1835இல் ஆரம்பித்து 1877இல் முடிகிறது. நான்கு தலைமுறை. கிழவர் யோஹான், பக்திமானான அவர் மகன் (இவரை நாவல் கான்சல் என்று அழைக்கும்), கான்சலின் பிள்ளைகளான தாமஸ், கிறிஸ்டியன், டோனி, கிளாரா, கடைசியாகத் தாமஸின் ஒரே மகன் ஹன்னோ. நாவலின் துணைத் தலைப்பே ‘ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி’. முடிவை அட்டையிலேயே சொல்லிவிட்டுத்தான் மனுஷன் கதையைத் தொடங்குகிறார். (ஆசிரியர் பெயரும் தாமஸ், பாத்திரத்தின் பெயரும் தாமஸ். இனி ஆசிரியரை மன் என்றே சொல்கிறேன்.)

முதல் பகுதி முழுக்க ஒரே ஒரு மாலை நேரம். மெங் தெருவில் புதிதாக வாங்கிய பெரிய வீட்டில் விருந்து. மீன், இறைச்சி, புட்டிங், வைன், கவிதை வாசிப்பு, அரட்டை. இங்கேதான் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நீங்கள் மூடாதீர்கள், ஏனென்றால் கிழவரின் மகனிடம் சாப்பிடும்போதே ஒரு கடிதம் இருக்கிறது. எழுதியவர் கொட்ஹோல்ட், கிழவரின் மூத்த தாரத்துப் பிள்ளை. அப்பா சொல் கேளாமல் ஒரு கடைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதால் ஒதுக்கிவைக்கப்பட்டவர். ‘ஒரு லட்சம் மார்க் கொடுத்து வீடு வாங்கியிருக்கிறீர்கள், அதில் என் பங்குக்கு 33,335 மார்க் வர வேண்டும்’ என்று கேட்டு எழுதியிருக்கிறார். விருந்தினர் எல்லாரும் போன பிறகு, நள்ளிரவில், அப்பாவும் இளைய தாரத்துப் பிள்ளையும் உட்கார்ந்து அதைப் பேசுகிறார்கள். மகன் பைபிள் படிக்கிறவர், மனசாட்சிக்காரர். ஒரு குடும்பம் ஒற்றுமையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேடு வந்து கதவைத் தட்டும் என்று முதலில் கலங்குகிறார். ‘சரி, நீ கூட்டாளியாக யோசித்துச் சொல்’ என்கிறார் அப்பா. மகன் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். கொட்ஹோல்டுக்குக் கொடுத்தால் மண்டியின் மூலதனத்தில் எவ்வளவு குறையும், நாளைக்குத் தன் பங்கில் எவ்வளவு குறையும் என்று பார்க்கிறார். கடைசியில் கொடுக்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிடுகிறார். குரலை உயர்த்தாமல், பக்தி கொஞ்சமும் குறையாமல்.

பங்காளிச் சண்டை பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த உரையாடலின் தொனி பழக்கமானதாக இருக்கும். அண்ணனை ஏமாற்றுகிறோம் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. மண்டியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைக்கிறார்கள்.

இரண்டாம் வாசிப்பில் நான் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, நாவலில் வரும் தொகைகளை எல்லாம் ஓரமாகக் குறித்துவந்தேன். தொழில் பழக்கம், விடாது. எத்தனை கவனமாக அந்த எண்களை மன் வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. டோனியின் முதல் கல்யாணத்துக்கு 70,000 மார்க் தருவதாகக் கான்சல் சொல்ல, மாப்பிள்ளை க்ரூன்லிஷ் பேரம் பேசி அதை 80,000 ஆக்குகிறான். அவன் முன்பே கடனில் மூழ்கியவன். காட்டிய கணக்குப் புத்தகங்கள் பொய். ஹாம்பர்க்கில் விசாரித்தபோது அவனைப் பற்றி ஓகோ என்று சொன்னவர்கள் அவனுக்குக் கடன் கொடுத்தவர்களே. அந்தப் பணம் வந்தால்தான் அவர்கள் பணம் திரும்பும். கடன் விண்ணப்பதாரரின் நற்சான்றை அவருடைய பழைய கடன்காரரிடமே கேட்டு வாங்குவது போல. வங்கியில் இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் எங்கள் மேலாளர் என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார். டோனியின் இரண்டாவது கணவர், மியூனிக்கைச் சேர்ந்த பெர்மனேடர், வேறு ரகம். வரதட்சணை கையில் வந்த உடனே வேலையை விட்டுவிட்டு, வட்டியில் பீர் குடித்து நிம்மதியாக வாழலாம் என்று முடிவு செய்கிறவர். ஒருவிதத்தில் நாவலிலேயே அவர் ஒருவர்தான் பணத்தால் சந்தோஷப்பட்ட ஆள்!

கடைசித் தங்கை கிளாரா ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு போய், பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறாள். சாகும் தறுவாயில் நடுங்கும் கையால் பென்சிலில் அம்மாவுக்கு ஒரு கடிதம்: எனக்கு வர வேண்டிய பங்கை என் கணவருக்குக் கொடுத்துவிடுங்கள். அம்மா கொடுத்துவிடுகிறாள், 1,27,500 மார்க். குடும்பத்தை நடத்தும் தாமஸிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விஷயம் தெரிந்த அன்று தாமஸ் கத்துவதை நான் இளம் வயதில் ‘பணவெறி’ என்று எடுத்துக்கொண்டேன். இப்போது படித்தால், வீட்டில் எல்லாப் பொறுப்பையும் தலையில் வாங்கிக்கொண்டு, ஒரு முடிவில்கூடக் கலந்து பேசப்படாத மூத்த பிள்ளையின் அழுகை அதில் கேட்கிறது. இரண்டுமே இருக்கிறது என்பதுதான் சரி.

இப்போது ‘நொடித்துப்போன’ என்ற வார்த்தைக்கு வருகிறேன். கான்சல் இறக்கும்போது விட்டுப்போனது ஏறக்குறைய 7.5 லட்சம் மார்க். இருபது வருடம் கழித்துத் தாமஸ் இறக்கும்போது ஏட்டில் இருப்பது 6.5 லட்சம். இடையில் இரண்டு வரதட்சணை, கிளாராவின் பங்கு, ஒரு ஆடம்பரமான புது வீடு, ஒரு கெட்ட வியாபாரம் எல்லாம் போயிருக்கின்றன. தாமஸின் மனைவி கெர்டா கொண்டுவந்த பெரிய தொகை வந்து சேர்ந்திருக்கிறது. மொத்தத்தில் இறக்கம்தான், ஆனால் திவால் இல்லை. அந்த மண்டி தொடர்ந்து நடந்திருக்கலாம். அதை மூடியது தாமஸின் உயில். தனக்குப் பின் ஒரு வருடத்துக்குள் கலைத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போகிறான். தன் மகன் இதை நடத்த மாட்டான் என்பது அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. கலைக்கும் பொறுப்பை ஏற்ற நண்பர் கிஸ்டன்மாக்கர் அவசர அவசரமாக விற்றுத் தள்ளியதில்தான் பெருமளவு பணம் கரைகிறது. நாவலில் பாதிப் பணத்தைத் தின்றது வீழ்ச்சி அல்ல, வீழ்ந்துவிட்டோம் என்ற தீர்மானம்.

இது மன்னின் சொந்த வீட்டில் நடந்ததுதான். அவருடைய அப்பா லூபெக்கில் தானிய வியாபாரி, நகரச் செனட்டர். 1890இல் அவர்களுடைய நிறுவனத்துக்கு நூறு வயது, விழா எடுத்தார்கள். அடுத்த வருடம் அப்பா இறந்தார். உயிலைப் பார்த்தால், நிறுவனத்தைக் கலைக்க வேண்டும், வீட்டை விற்க வேண்டும், மூத்த மகன் ஹைன்ரிஷ் இலக்கியம் என்று அலைவதைக் காப்பாளர்கள் தடுக்க வேண்டும் என்று இருந்தது. மன்னுக்கு அப்போது 16 வயது. தன்னையும் அண்ணனையும் நம்பி அப்பா ஒன்றையும் விட்டுப்போகவில்லை என்பதை உயில் படிக்கக் கேட்டு அந்தப் பையன் தெரிந்துகொண்டான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கலைத்த சொத்திலிருந்து வந்த வட்டி, மாதம் 160 முதல் 180 மார்க், அதை வைத்துத்தான் மன் இத்தாலிக்குப் போய் உட்கார்ந்து 1897இல் இந்த நாவலைத் தொடங்கினார். அண்ணன் ஹைன்ரிஷும் கூடவே இருந்தார். அப்பாவின் உயில் தடுக்கச் சொன்ன அதே வேலையை இருவரும் அப்பாவின் பணத்தில் செய்தார்கள்.

சரி, அந்தக் குறிப்பேடு.

புடன்புரூக் வீட்டில் தங்க விளிம்பு வைத்த ஒரு குறிப்பேடு உண்டு. குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணம், தப்பிப் பிழைத்த நோய்கள் எல்லாம் அதில் பதிவாகும். என்னைக் கேட்டால் இந்த நாவலின் கதாநாயகர் அந்த ஏடுதான். பதினெட்டு வயது டோனிக்குக் க்ரூன்லிஷைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. தங்க நிறக் கிருதாவும் குழைவும் அவளுக்கு அருவருப்பு. அதற்கிடையில் கடற்கரை ஊரான ட்ராவமுண்டேயில் கோடை விடுமுறையில் மோர்ட்டன் என்ற மருத்துவ மாணவனோடு காதல். அப்பா கடிதம் எழுதுகிறார்: நம்முடைய சின்னச் சின்னச் சந்தோஷங்களுக்காக நாம் பிறக்கவில்லை, நாம் ஒரு சங்கிலியின் கண்ணிகள். யாரும் அவளை அடிக்கவில்லை, பூட்டிவைக்கவில்லை. வீடு திரும்பிய பிறகு ஒருநாள் அந்த ஏடு மேஜையில் திறந்து கிடக்கிறது. தாத்தா, பூட்டன் எழுதியதையெல்லாம் படிக்கிறாள். தன் பெயருக்கு எதிரே அப்பா எழுதியதையும், அதற்குக் கீழே இருக்கும் வெற்றிடத்தையும் பார்க்கிறாள். நெஞ்சு படபடக்கிறது. பேனாவை எடுத்துத் தானே எழுதுகிறாள்: 1845 செப்டம்பர் 22 அன்று, ஹாம்பர்க் வணிகர் பெண்டிக்ஸ் க்ரூன்லிஷோடு நிச்சயம் ஆனது.

கட்டாயப்படுத்துவது என்றால் என்ன என்பதைப் பற்றி இதைவிடத் துல்லியமான காட்சியை நான் படித்ததில்லை. அவள் பயந்து எழுதவில்லை, பெருமிதத்தோடு எழுதுகிறாள். தானும் அந்த வரிசையில் ஒரு வரி ஆகிவிட்ட மகிழ்ச்சி அது. சில வருடத்தில் விவாகரத்தையும் அதே ஏட்டில் அவளே எழுதுகிறாள். அதையும் கொஞ்சம் பெருமிதத்தோடுதான்.

அதே ஏடு பல வருடம் கழித்து ஹன்னோ கையில் கிடைக்கிறது. சின்னப் பையன். சாவதானமாகப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறான். கடைசியில் தன் பெயர் இருக்கிறது. ரூலரை வைத்து, பேனாவால், தன் பெயருக்குக் கீழே பக்கத்தின் குறுக்காக அழகாக இரட்டைக் கோடு போடுகிறான். கணக்கை முடிக்கும்போது போடும் கோடு. அப்பா பார்த்துவிட்டுக் கத்துகிறார், ஏட்டைச் சுருட்டி அவன் கன்னத்தில் தட்டுகிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறார். பையன் திக்கித் திக்கிச் சொல்கிறான்: இதற்கப்புறம் ஒன்றும் வராது என்று நினைத்தேன்.

இந்த வரியை எல்லாரும் தீர்க்கதரிசனம் என்று எழுதுவார்கள். கணக்கு எழுதிய கைக்கு வேறொன்று தோன்றும். அந்தப் பையன் தவறாக ஒன்றும் செய்யவில்லை. பேரேட்டில் கடைசிப் பதிவுக்குக் கீழே கோடு போடுவதுதான் முறை. கணக்குப் பிள்ளைகளின் வம்சத்தில் பிறந்தவன், வம்சத்தின் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சரியாகக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

இனி ஒன்பதாம் பகுதி. அம்மா இறந்துவிட்டாள், பக்கத்து அறையில் கிடத்தியிருக்கிறார்கள். அவள் மூச்சு நின்ற கையோடு வேலைக்காரிகள் கூடை கூடையாகத் துணிகளை எடுத்துப் போகிறார்கள். அம்மா தருவதாகச் சொன்னாளாம். பிள்ளைகள் கூடி வீட்டுச் சாமான்களைப் பிரிக்கிறார்கள். தாமஸ் ஒரு பட்டியல் வைத்து வேகமாக முடிக்கப் பார்க்கிறான். தம்பி கிறிஸ்டியன் ஊதாரி, நோயாளி, இடது பக்க நரம்பெல்லாம் நீளம் குறைவு என்று சொல்லிக்கொண்டே திரிபவன், ஊரையே நடித்துக்காட்டிச் சிரிக்கவைப்பவன். அவனுக்கு எதுவும் தேவைப்படாது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது, படுக்கை விரிப்பிலும் மேஜை விரிப்பிலும் தட்டுமுட்டிலும் எனக்குப் பங்கு வேண்டும் என்கிறான். உனக்கெதற்கு? எனக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசை. யாரை? ஹாம்பர்க்கில் ஆலீன் என்ற பெண், குழந்தைகளோடு இருப்பவள். நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது என்கிறான் அண்ணன்.

விரிப்பில் தொடங்கிய பேச்சு பத்து நிமிடத்தில் நாற்பது வருடத்துக்குப் போய்விடுகிறது. சின்ன வயதில் நீ என்னை எப்படிப் பார்த்தாய், நான் வலி என்று சொன்னபோது நீ எப்படி முகம் திருப்பினாய் என்று தம்பி எல்லாவற்றையும் கொட்டுகிறான். கடைசியில் தாமஸ் வாயிலிருந்து உண்மை வந்துவிடுகிறது. உன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நான் இப்படி ஆனேன் என்கிறான். அதாவது பொறுப்பானவன், கண்ணியமானவன், விறைத்தவன் எல்லாம் அவனுடைய இயல்பு இல்லை. தம்பியிடம் பார்த்த அதே தளர்ச்சி தனக்குள்ளும் இருக்கிறது என்ற பயம். இரண்டு பேருக்கும் ஒரே சொத்துதான் வந்திருக்கிறது. ஒருவன் செலவழித்தான், ஒருவன் பூட்டிவைத்தான்.

எங்கள் வீட்டு அண்டாவும் அண்டாவைப் பற்றியது இல்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அக்காவுக்குப் போன் செய்தேன். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம்.

கிறிஸ்டியனுக்கு மூலம் மன்னின் சொந்தச் சித்தப்பா ஃப்ரீட்ரிஷ். நாவல் வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, 1913இல், அவர் லூபெக் செய்தித்தாளில் விளம்பரமே கொடுத்தார்: தன் கூட்டைத் தானே அசிங்கப்படுத்தும் பறவை என்று அண்ணன் மகனைத் திட்டி. பாவம்தான். டோனிக்கு மூலம் அத்தை எலிசபெத். அவரைப் பற்றித் தங்கை யூலியாவிடம் நீண்ட கடிதம் எழுதி வாங்கியிருந்தார் மன். வீட்டுச் சமையல் குறிப்புகளைக்கூட அம்மாவிடம் கேட்டு வாங்கினார். குடும்பக் கதை எழுதுகிறவர்கள் எல்லாருமே ஒருவகையில் சாமான் பிரிக்கும்போது கூடையோடு வந்து நிற்பவர்கள்தான்.

தாமஸின் முடிவைப் பற்றிக் கொஞ்சம். மகன் மூலமாகத் தொடர்வோம் என்ற நம்பிக்கை உடைந்துபோன காலத்தில், தோட்டத்தில் உட்கார்ந்து, எப்போதோ மலிவாக வாங்கிய ஒரு தத்துவப் புத்தகத்தைப் பிரிக்கிறான். பெயர் சொல்லாவிட்டாலும் அது ஷோபன்ஹவர் என்பது தெளிவு. மரணத்தைப் பற்றிய அத்தியாயம். அன்றிரவு படுக்கையில் அவனுக்கு ஒரு வெளிச்சம். நான் ஏன் மகனுக்குள் தொடர வேண்டும்? ‘நான்’ என்று சொன்ன, சொல்கிற, சொல்லப்போகிற எல்லாருக்குள்ளும் நான் இருப்பேனே! அழுகிறான். இது எங்கோ கேட்டதுபோல இருக்கிறதே என்று நமக்குத் தோன்றினால் அது தற்செயல் இல்லை. லத்தீன் மொழிபெயர்ப்பில் உபநிடதங்களைப் படித்து அவற்றைத் தலைமேல் வைத்துக்கொண்டாடியவர் ஷோபன்ஹவர். ஆனால் மன் எவ்வளவு இரக்கமற்றவர் பாருங்கள்: மறுநாள் காலை தாமஸுக்கு அந்த உணர்ச்சியை நினைத்து வெட்கமாக இருக்கிறது, வேலை கூப்பிடுகிறது, புத்தகத்தை மறுபடி அவன் எடுப்பதே இல்லை. உயில் எழுதப் போய்விடுகிறான். அப்புறம் ஒரு பல்வலி, பாதியில் ஒடிந்த பல், வீடு திரும்பும் வழியில் தெருவில் குப்புற விழுகிறான். ஒரு நாளைக்குப் பலமுறை உடை மாற்றிய மனிதன் பனிச்சேற்றில் கிடக்கிறான். இருபது வயதில் இந்தச் சாவு எனக்கு அபத்தமாகப் பட்டது. பல் மருத்துவரிடம் போகும் வயது வந்த பிறகு அபத்தமாகப் படவில்லை.

ஹன்னோவின் சாவைப் பற்றி நீங்கள் மறந்திருந்தால், அது பெரிய அதிர்ஷ்டம், புதிதாகப் படிக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த அத்தியாயத்தில் ஹன்னோ என்ற பெயரே வராது. டைஃபாய்டு எப்படித் தொடங்கும், எத்தனையாவது நாளில் என்ன ஆகும் என்று ஒரு மருத்துவக் குறிப்பைப்போல எழுதியிருப்பார். கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்து மாற்றி எழுதியதுதான். முடித்துவிட்டு நிமிரும்போதுதான் பையன் இறந்துவிட்டான் என்பது உறைக்கும்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. போட்டிக் குடும்பமான ஹாகன்ஸ்ட்ரோம்களைச் சித்திரிக்கும் விதம் இன்று நெருடும். அவர்கள் ‘நேற்று வந்தவர்கள்’. அந்த வீட்டம்மா யூதப் பின்னணி உள்ளவள் என்பதை மன் கண்சிமிட்டலாகச் சொல்லிச் செல்வார். அந்தக் கண்சிமிட்டல் பின்னால் அந்த நாட்டில் எங்கே போய் முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு படிப்பவருக்கு அது லேசாக இருக்க முடியாது. ஆனால் கடைசியில் மெங் தெரு வீட்டை விலைக்கு வாங்குவது அந்த ஹெர்மன் ஹாகன்ஸ்ட்ரோம்தான். அந்தப் பேச்சில் அவர் மரியாதையாகவும் தாராளமாகவும் நடந்துகொள்கிறார், டோனிதான் சின்னத்தனமாக நடந்துகொள்கிறாள் என்பதையும் மன் மறைக்கவில்லை. கெர்டாவைப் பற்றியும் எனக்கு மனக்குறை உண்டு. வயலின், வெளிறிய முகம், கண்ணடியில் நீல நிழல் என்று வர்ணனையாகவே நின்றுவிடுகிறாள். பக்கத்தில் டோனி அவ்வளவு உயிரோடு நடமாடுவதால் இது கூடுதலாகத் தெரிகிறது.

நடைமுறை விஷயம். ஆங்கிலத்தில் இரண்டு மொழிபெயர்ப்புகள் பரவலாகக் கிடைக்கும். 1924இல் வந்த லோ-போர்ட்டருடையது, 1993இல் வந்த ஜான் வுட்ஸுடையது. பரணில் கிடந்தது பழையதாக இருந்தாலும் பாதகமில்லை, கம்பீரமான நடைதான். ஆனால் இந்த நாவலில் நகைச்சுவை நிறைய, வட்டார வழக்கும் நிறைய. பெர்மனேடர் வாயைத் திறந்தால் வீட்டில் ஒருவருக்கும் புரியாது. அந்த விளையாட்டு வுட்ஸிடம் நன்றாக வந்திருக்கிறது. முதல் வாசிப்பில் சோகமாக மட்டும் தெரிந்தது என்றால், இம்முறை வுட்ஸை எடுத்துப் பாருங்கள். மன்னுக்கு 1929இல் நோபல் பரிசு கொடுத்தபோது, அதற்குள் அவர் எழுதியிருந்த மற்றதையெல்லாம் தாண்டி, முக்கியமாக இந்த முதல் நாவலுக்காக என்றுதான் குறிப்பிட்டார்கள். இத்தனைக்கும் கைப்பிரதியைப் பார்த்த பதிப்பாளர் ஃபிஷர் பாதியாக வெட்டச் சொன்னவர். இளைஞர் மறுத்துவிட்டார்.

மெங் தெரு வீடு உண்மையில் இருந்தது, மன்னின் பாட்டி வீடு. 1942 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் உள்ளே எல்லாம் எரிந்து, முகப்புச் சுவர் மட்டும் நின்றது. பின்னால் கட்டடத்தை மறுபடி எழுப்பி அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

நீங்கள் படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்: தேன். ட்ராவமுண்டேயில் காலை உணவின்போது மோர்ட்டன் டோனியிடம் சொல்வான், தேனைத் தைரியமாகச் சாப்பிடலாம், இயற்கைப் பொருள், எதை விழுங்குகிறோம் என்பதாவது தெரியும் என்று. அந்தக் காதல் அந்தக் கோடையோடு முடிந்துபோகிறது. மோர்ட்டன் நாவலுக்குத் திரும்பி வருவதே இல்லை. ஆனால் இரண்டு கல்யாணம் முறிந்து, மகளின் கணவர் சிறைக்குப் போய், தலை நரைத்த பிறகும், சாப்பாட்டு மேஜையில் தேன் வந்தால் அவள் அதையே சொல்வாள், வார்த்தை மாறாமல். யாரிடமிருந்து வந்தது என்று கூட இருப்பவர்களுக்குத் தெரியாது. முதல் வாசிப்பில் எனக்கும் தெரியவில்லை, ஏதோ டோனியின் வழக்கமான அசட்டுப் பேச்சு என்று தாண்டிப்போயிருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தில் ஆண்கள் யாரும் மிச்சமில்லை. கிறிஸ்டியன் அந்த ஆலீனையே கட்டிக்கொண்டு, அவள் கையாலேயே மனநலக் காப்பகத்தில் அடைபட்டுக் கிடக்கிறான். கெர்டா வயலினை எடுத்துக்கொண்டு பிறந்த ஊரான ஆம்ஸ்டர்டாமுக்குப் புறப்படுகிறாள். வழியனுப்ப வந்த பெண்கள் கறுப்பு உடையில் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏடு இப்போது டோனியிடம்தான் இருக்கிறது. அவள் அந்தச் சொந்தக்காரப் பெண்களிடம் சொல்கிறாள்: வாரத்துக்கு ஒருநாள் என் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு எல்லாருமாக உட்கார்ந்து குடும்பக் குறிப்புகளைப் படிக்கலாம்.